அக்காவுக்கு வந்தால் தங்கைக்கும் வருமா? உண்ணல் கோளாறும் பரம்பரையும்

மலைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

பாடசாலை ஆலோசனைப் பிரிவுகளில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மூத்தவள் சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி ஆஸ்பத்திரி வாட்டில் படுக்கும் நிலைக்குப் போய்விட்டாள். அடுத்தவளுக்கு இப்போது 11 வயது. "இது ரத்தத்துல ஓடுற வியாதியா, சின்னதுக்கும் வருமா?" என்று கேட்டால் என்ன சொல்வது? பத்திரிகைகளில் வருவதோ ஒன்று "எல்லாம் கைபேசியால் வந்த வினை", இல்லையென்றால் "மெலிவு நோய்க்கான ஜீன் கண்டுபிடிப்பு". இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு தாய்க்குப் பதில் சொல்ல முடியாது. பிறப்புரிமையியல் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் செய்யக்கூடியது என்ன என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

நிறமூர்த்தம்23

டீச்சர், சுருக்கமான பதில்: வாய்ப்புக் கூடும். ஆனால் தங்கைக்கு வராமல் இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

குடும்ப ஆய்வுகளில், அனோரெக்சியா (சாப்பாட்டை ஒதுக்கி ஆபத்தாக மெலியும் நோய்) உள்ள ஒருவரின் தாய், சகோதரி, மகள் போன்ற நெருங்கிய பெண் உறவினருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றக் குடும்பங்களைவிடச் சுமார் 11 மடங்கு என்று வந்தது. கேட்டவுடன் நெஞ்சு திக்கென்றிருக்கும். ஆனால் அந்த ஆய்வில் மற்றக் குடும்பங்களின் அளவு 0.3 வீதந்தான். 11ஆல் பெருக்கினாலும் மூன்றரை வீதத்தைத் தொடவில்லை. பெற்றோரிடம் "11 மடங்கு" என்பதை மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போகாதீர்கள், அன்றிரவு அந்த வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள்.

இரட்டையர் ஆய்வுகளில் வரும் எண் வேறு. அனோரெக்சியாவின் பரம்பரைப் பங்கு பெரும்பாலும் 50 முதல் 60 வீதம் என்று வருகிறது. புலிமியாவும் (அளவின்றித் தின்றுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற நோய்) கிட்டத்தட்ட அதே. அடங்காமல் உண்ணும் கோளாறு கொஞ்சம் குறைவு, 41 முதல் 57 வீதம். உணவின் மணம், பதம், விக்கிவிடுமோ என்ற பயம் என்று உணவை ஒதுக்கும் தவிர்ப்பு உண்ணல் கோளாற்றுக்கு 2023இல் சுவீடன் இரட்டையர்களில் கண்டது 79 வீதம்.

கொழுந்துக்கூடை

அப்ப 60 வீதம்னா நூத்துல அறுபது புள்ளைங்களுக்கு வந்துருமா?

நிறமூர்த்தம்23

இல்லை அண்ணே. எல்லோரும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த தேயிலையை வைத்தே சொல்கிறேன்.

வீ.பி. மலை (வெட்டுத்துண்டு நட்டு வளர்த்த தேயிலை) ஒன்றை எடுங்கள். டி.ஆர்.ஐ. 2025 என்ற ரகம் என்றால் அந்த மலை முழுக்க ஒரே தாய்ச்செடியின் வெட்டுத்துண்டுகள், பரம்பரையலகு ஒன்றேதான். அங்கே ஒரு செடி செழிப்பாகவும் பக்கத்துச் செடி சோனியாகவும் நின்றால் காரணம் மண், நிழல், கவ்வாத்து, உரம். அந்த மலைக்குள் செடிக்குச் செடி உள்ள வித்தியாசத்தில் பரம்பரைப் பங்கு பூச்சியம். விதையில் முளைத்த பழைய தேயிலை மலையில், மண்ணும் உரமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் முழுக்கவும் பரம்பரையால் வந்தது. ஆகவே "60 வீதம்" என்பது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒரு பிள்ளைக்கு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

கணக்குப் போடும் விதமும் எளிது. ஒருகரு இரட்டையர் பரம்பரையலகு முழுவதையும் பகிர்வர், இருகரு இரட்டையர் சராசரியாகப் பாதியை. ஒருகரு சோடிகளின் ஒற்றுமை 0.56, இருகரு சோடிகளின் ஒற்றுமை 0.28 என்று வைத்தால், வித்தியாசத்தை இரண்டால் பெருக்க வேண்டும்: 0.56. இரண்டு வகை இரட்டையரும் ஒரே மாதிரிதான் வளர்க்கப்படுகிறார்கள் என்ற எடுகோளில் நிற்கும் கணக்கு இது. அந்த எடுகோள் தளர்ந்தால் எண்ணும் தளரும்.

தலவாக்கலை_மேற்பிரிவு

அந்த "ஜீன் கண்டுபிடிப்பு" செய்தி எதைப் பற்றியது? தனியாக ஒரு ஜீன் இருக்கிறதா?

நிறமூர்த்தம்23

தனி ஜீன் கிடையாது. செய்திக்கு மூலம் 2019இல் நேச்சர் ஜெனெட்டிக்ஸ் இதழில் வந்த ஆய்வு. 17 நாடுகளிலிருந்து அனோரெக்சியா உள்ள 16,992 பேர், ஒப்பிட 55,525 பேர். முழு மரபுத்தொகுதியையும் அலசி எட்டு இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் தனியாகச் சேர்ப்பது மிகச் சிறு பங்கு. பொதுவான மாறல்கள் (பரம்பரையலகில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்கள்) எல்லாவற்றையும் கூட்டினாலும் விளக்க முடிந்தது 11 முதல் 17 வீதம். இரட்டையர் ஆய்வின் 50க்கும் இதற்கும் இடையில் உள்ள பள்ளத்தில் அரிய மாறல்கள், இன்னும் பெரிய மாதிரி வந்தால்தான் தெரியக்கூடிய சின்னச் சின்னப் பங்குகள், இரட்டையர் கணக்கின் மிகை என்று பலதும் கிடக்கின்றன.

அதற்கு முன்னர் 20 வருடமாக ஒவ்வொரு பரம்பரையலகாகப் பிடித்துப் பார்த்தார்கள். செரட்டோனின் வாங்கி ஒன்று, மூளை நரம்பு வளர்ச்சிக் காரணி ஒன்று. இருநூறு முந்நூறு பேரை வைத்துச் செய்த வேலை. அடுத்த குழு செய்து பார்த்தால் முடிவு நிற்காது. இன்றைக்கும் சில இணையப் பக்கங்கள் அந்தப் பெயர்களைக் காட்டியே பரிசோதனை விற்கின்றன.

2019 முடிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது எட்டு இடங்கள் அல்ல, உறவுகள். எண்ண–செயல் சுழல் நோயோடு (ஓ.சீ.டி.) பரம்பரை உறவு வலுவானது, 0.45 அளவு. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடும் உண்டு. இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, உடலின் அனுசேபத்தோடும் (உணவை உடல் சக்தியாக்கிச் செலவிடும் முறை) உறவு இருந்தது: உடற்றிணிவுச் சுட்டியோடு எதிர்த்திசையில், வெறுவயிற்று இன்சுலினோடும் இரண்டாம் வகை நீரிழிவோடும் எதிர்த்திசையில், நல்ல கொலஸ்ட்ரோலோடு நேர்த்திசையில். உடலை அசைத்துக்கொண்டே இருக்கும் இயல்போடும் நேர்த்திசையில். அதனால்தான் இதை உளநோய் என்று மட்டும் பார்க்காமல் உளமும் அனுசேபமும் சேர்ந்த நோயாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். பட்டினி கிடந்தால் பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல் வரும், தலை சுற்றும், சோற்றுப்பானையைத் தேடிப் போவார்கள். சிலருக்கோ பட்டினியில் ஒரு அமைதி வருகிறது. எடை இறங்கியபின் மேலே ஏற்றுவதற்கு உடலே ஒத்துழைப்பதில்லை.

கொழுந்துக்கூடை

எங்க வீட்டுப் பக்கமெல்லாம் சீனி வருத்தம்தான். அப்ப எங்களுக்கு இது வராதுன்னு எழுதி வச்சுக்கலாமா?

நிறமூர்த்தம்23

வைக்காதீங்க அண்ணே :) அது ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிப் பார்த்தால் தெரியும் மெல்லிய சாய்வு. ஒரு குடும்பத்துக்குக் கவசம் ஆகாது. முதலாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளில் விஷயம் தலைகீழ்: எடை குறைப்பதற்காக இன்சுலினை வேண்டுமென்றே தவறவிடுவது நடக்கிறது. காரணம் தெரியாமல் கீற்றோன் ஏறித் திரும்பத் திரும்ப வாட்டுக்கு வரும் பிள்ளையிடம் அதை மெதுவாகக் கேட்க வேண்டும்.

ஹப்புத்தளை_மூடுபனி

இந்தப் பேச்சே கொஞ்சம் அந்நியமாகத் தெரிகிறது. இலங்கையின் 2016 சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். ரொட்டியும் சம்பலும் வெறுந்தேத்தண்ணியுமாகப் போகும் வீட்டில் "உண்ணல் கோளாறு" என்று பேசுவது, பசியை நோயாக்கிப் பார்ப்பது ஆகாதா? ஐரோப்பியரில் செய்த ஆய்வை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறோம்.

ஊவாக்காற்று

நியாயமான கேள்வி. இரண்டு பகுதியாகப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பியரில் செய்த ஆய்வு என்பது சரி. 2019 ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அதைக் கொண்டு ஒருவரின் மாறல்களைக் கூட்டிக் கணிக்கும் பரம்பரைப் புள்ளி அந்த மக்களிடமே நோய் வாய்ப்பின் வித்தியாசத்தில் 1.7 வீதத்தைத்தான் விளக்கியது. தெற்காசியரிடம் இன்னும் மங்கும். ஏனென்றால் ஆய்வு பிடித்தது பெரும்பாலும் உண்மையான மாறலை அல்ல, அதன் பக்கத்தில் நிற்கும் அடையாளக் கல்லை. எந்தக் கல் எந்த மாறலோடு சேர்ந்து கடத்தப்படுகிறது என்பது மக்களுக்கு மக்கள் வேறு.

உங்கள் கேள்விக்குள் இருக்கும் "இது பணக்காரர் நோய்" என்ற எண்ணத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1993இல் ஹொங்கொங்கில் 70 நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் 41 பேருக்கு (சுமார் 59 வீதம்) "குண்டாகிவிடுவேன்" என்ற பயமே இருக்கவில்லை. வயிறு ஊதுகிறது, பசி இல்லை, சாப்பிட்டால் நெஞ்சில் நிற்கிறது என்றுதான் சொன்னார்கள். நம் டிஸ்பென்சரிகளில் "கேஸ்" என்று மாதக்கணக்கில் ஒமெப்ரசோல் வாங்கிப்போகும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் இந்த நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி முன் நின்று அழும் பிள்ளையை மட்டும் தேடினால் மலையகத்தில் நோயைக் காணமாட்டீர்கள். கோயிலில் கழிப்புக் கழித்து, செய்வினை பார்த்து, அதன்பிறகே வாட்டுக்கு வருவார்கள். அதற்குள் நாடி 40க்கு இறங்கியிருக்கும்.

பசியும் இந்த நோயும் எதிரெதிர் அல்ல, பசிதான் வாசல். 1944–45இல் மினசோட்டாவில் உடல்நலம் நன்றாக இருந்த 36 ஆண்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி கொடுத்தார்கள், நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. எடையில் கால்வாசி போனது. உணவைச் சின்னச் சின்னத் துண்டாக்கி மணிக்கணக்கில் தின்றார்கள், சமையல் குறிப்புச் சேர்த்தார்கள், சோர்ந்தார்கள், சிலர் பின்னர் அடங்காமல் தின்றார்கள். எந்த உடலையும் பட்டினி அந்த அளவுக்குக் கொண்டு போகும். பரம்பரை வித்தியாசம் அதற்குப் பிறகு தெரிவது: சோறு திரும்பக் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் மெல்ல மீண்டுவிடுகிறார்கள், ஒரு சிலர் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

ஹப்புத்தளை_மூடுபனி

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? இரண்டு பிள்ளையும் மெலிவு. ஒருத்திக்கு வீட்டில் இல்லை, மற்றவள் இருந்தும் உண்பதில்லை.

கறிவேப்பிலை

எடையைப் பார்த்தால் பிடிபடாது. வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள்.

நீண்டகாலப் போசாக்குக் குறைபாடு உள்ள பிள்ளை சின்ன வயதிலிருந்தே தாழ்ந்த ஒரு கோட்டில் போய்க்கொண்டிருக்கும். கட்டையாக இருக்கும், ஆனால் உயரத்துக்கான எடை ஓரளவு பொருந்தும். உண்ணல் கோளாறு வந்த பிள்ளை தன் கோட்டை விட்டு இறங்கும். இறக்கம் எடை குறையாமலே நடக்கலாம், பலர் தவறவிடுவது அதைத்தான். கணக்கைப் பாருங்கள்: 12 வயதில் 145 சென்ரிமீற்றர், 38 கிலோ. உடற்றிணிவுச் சுட்டி (கிலோவை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 18. அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவன வரைபின் நடுக்கோடு 18தான், பிரமாதம். 14 வயதில் 154 சென்ரிமீற்றர், அதே 38 கிலோ. சுட்டி 16. ஒரு கிராம்கூடக் குறையவில்லை, தாயும் "அதே எடைதான் இருக்கா" என்பார். ஆனால் 14க்கு நடுக்கோடு 19.6. "மெலிவு" எல்லையான 15.4க்கு இன்னும் மேலே நிற்பதால் அட்டையில் சிவப்பும் விழாது.

இப்போது பாடசாலை மருத்துவப் பரிசோதனை எப்போது நடக்கிறது என்று யோசியுங்கள். தரம் 1, 4, 7, 10. ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் மூன்று வருடம், சரியாகப் பூப்பெய்தும் காலம்.

நிறமூர்த்தம்23

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கறிவேப்பிலை அக்கா சொன்ன அதே மூன்று வருடத்தில்தான் பரம்பரைப் பங்கும் மாறுகிறது. பெண் இரட்டையர் ஆய்வுகளில் பூப்புக்கு முன் உண்ணல் கோளாற்று அறிகுறிகளில் பரம்பரைப் பங்கு ஏறக்குறையப் பூச்சியம், பூப்போடு 50 வீதமளவுக்கு ஏறுகிறது. ஆண்பிள்ளைகளில் அந்த ஏற்றம் காணப்படவில்லை. சூலக ஓமோன்கள் சில பரம்பரையலகுகளை இயக்கிவிடுகின்றன என்பதே முன்வைக்கப்படும் விளக்கம். 11 வயதுத் தங்கை இன்று நன்றாகச் சாப்பிடுகிறாள் என்பதை வைத்து "இவளுக்கு வராது" என்று முடிவெடுக்க முடியாததும் இதனால்தான். டீச்சர் கேட்ட கேள்விக்கு உண்மையான நடைமுறைப் பதில் இங்கே இருக்கிறது: 11இலிருந்து 16 வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும்.

மலைச்சாரல்

பாடசாலையில் தராசு இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி எடை பார்த்தால் அதுவே வினையாகிவிடாதா?

கறிவேப்பிலை

ஆகும். எடையைச் சத்தமாக வாசிப்பது, பலகையில் எழுதுவது, "குண்டுப் புள்ள", "ஒட்டடைக்குச்சி" என்று பட்டம் வைப்பது எல்லாம் வேண்டாம். தனி அறையில், முதுகு தராசின் முகத்துக்குத் திரும்பியிருக்க நிறுத்துங்கள், எண் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

எப்போதும் ஒரே தராசு, சமதளச் சீமெந்துத் தரை, காலை நேரம், சிறுநீர் கழித்த பின். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டு வருவார்கள். கழற்றச் சொல்லாமல் நிறுத்தினால் எண் பொய். ஜம்பர், சப்பாத்து, பாவாடைப் பையில் உள்ளவை எல்லாம் வெளியே. மறைக்க நினைக்கும் பிள்ளை வருமுன் ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு வரும், அரை லீற்றர் அரைக் கிலோ. உயரத்தைச் சுவரில் ஒட்டிய நாடாவால் எடுங்கள், அறிக்கையில் உள்ள பழைய எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் உயரத்தைப் பழையபடி 145 என்று போட்டிருந்தால் சுட்டி 18 என்றே நின்றிருக்கும்.

இங்குள்ள குளிர் இன்னொரு குழியும் வெட்டிவைத்திருக்கிறது. விரல் நீலம் பாரித்திருப்பது, எந்நேரமும் குளிர் என்பது, முதுகிலும் கையிலும் பூனைமயிர் வளர்வது எல்லாம் பட்டினி அறிகுறிகள். கொழும்பில் ஒரு பிள்ளை சுவெட்டரோடு திரிந்தால் யாராவது கேட்பார்கள். இங்கே கேட்கமாட்டார்கள். அதேபோல் ஏற்றத்தில் மூன்று கிலோமீற்றர் நடந்து பள்ளிக்கூடம் வருவது இங்கு வழமை. பஸ் இருந்தும், அக்காமார் ஏறிப்போக, தான் மட்டும் படிக்கட்டுப் பாதையால் இரண்டுதரம் ஏறி இறங்குகிறாள் என்றால் அது வழமை அல்ல.

ஊவாக்காற்று

குடும்ப வரலாறு எடுக்கும்போது "வேற யாருக்காவது இந்த வியாதி இருக்கா" என்று கேட்டால் "இல்லை" என்றே வரும். அந்தக் காலத்தில் இதற்குப் பெயரே இல்லை. கேட்க வேண்டியது: கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தவர், அடுக்கியதையே அடுக்குபவர், பதற்றத்துக்கு மருந்து எடுத்தவர், பிள்ளை பெற்றபின் மனம் சோர்ந்தவர், எலும்புருக்கி என்று சொல்லப்பட்டும் சளிப் பரிசோதனையில் ஒன்றும் வராதவர், விரதம் என்று தொடங்கி நிறுத்தாதவர். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர் பாதி பகிர்வர். அத்தை, சித்தி, மாமன், பாட்டி கால்வாசி.

தலவாக்கலை_மேற்பிரிவு

மாமன் மகள், அத்தை மகன் கட்டிய குடும்பங்கள் இங்கே நிறைய. அதனால் கூடுமா?

நிறமூர்த்தம்23

சொந்தத்துக்குள் கட்டுவதால் தெளிவாகக் கூடுவது ஒடுங்கிய நோய்கள். இரண்டு பக்கமும் ஒரே பழுதான பிரதி கிடைத்தால் வரும் தலசீமியா மாதிரி. முதல்நிலை மைத்துனர் சோடியின் பிள்ளைக்கு, எந்த ஓர் இடத்திலும் இரு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16இல் 1. உண்ணல் கோளாற்றின் கட்டமைப்பு அதுவல்ல, ஆயிரக்கணக்கான சின்ன மாறல்களின் கூட்டல். ஆகவே "சொந்தத்துல கட்டினதால வந்தது" என்று தாய்மீதும் தகப்பன்மீதும் பழியைப் போட இதில் இடமில்லை.

குடும்ப மரம் வரையும்போது மட்டும் கவனம்: அப்பாவின் அக்காவே அம்மாவின் மாமியாகவும் இருப்பார். ஒரே ஆளை இரண்டு இடத்தில் எழுதி "இரண்டு பேருக்கு இருந்தது" என்று எண்ணிவிடாதீர்கள்.

கொழுந்துக்கூடை

போத்தல்ல எச்சில் துப்பி அனுப்புனா ரிசல்ட் வரும்னு ஒரு விளம்பரம். பவுன் அடகு வச்சாவது செய்யலாமான்னு ஒருத்தர் கேக்குறார்.

நிறமூர்த்தம்23

பவுனைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். 1.7 வீதம் என்ற எண்ணை மேலே ஊவாக்காற்று எழுதியிருக்கிறார். "அபாயம் குறைவு" என்று வந்தால் வீட்டார் அசட்டையாவார்கள். "அதிகம்" என்று வந்தால் பிள்ளையின் தட்டைக் காவல் காப்பார்கள். இரண்டும் கெடுதல். சோதனை பயன்படும் இடம் வேறு: பசியே அடங்காமல் கண்டதையெல்லாம் தின்னும், பிறந்தபோது தசை தளர்ந்திருந்த, வளர்ச்சி பிந்திய பிள்ளை. அது 15ஆம் நிறமூர்த்தத்தில் வரும் பிராடர்–வில்லி நிலையாக இருக்கலாம், பிறப்புரிமையியல் கிளினிக்குக்கு அனுப்பிச் சோதிக்கலாம். உண்ணல் கோளாறு என்று திட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மலைச்சாரல்

தங்கைக்கு வீட்டில் என்ன செய்யலாம்? விரதத்தைப் பற்றியும் சொல்லுங்கள். கந்தசஷ்டி வருகிறது, மூத்தவள் ஆறு நாளும் பிடிக்க வேண்டும் என்று நிற்பாள்.

ஊவாக்காற்று

மூத்தவளுக்கு ஒரு நாளும் வேண்டாம். எடை சரியாகி மாதங்கள் ஆனாலும் வேண்டாம். உடல் செலவிடுவதைவிடக் குறைவாக உண்ணும் நாட்கள்தான் அந்தச் சுழலைத் திரும்ப முறுக்கிவிடும். மச்சம் தவிர்க்கலாம், கோயிலுக்குப் போகலாம், கவசம் படிக்கலாம், வேளைச் சாப்பாட்டைத் தொடக்கூடாது. நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பதை ஐயர் வாயால் சொல்லவைத்தால் வீட்டுச் சண்டை பாதியாகும். முஸ்லிம் குடும்பங்களிலும் நோன்புக்கு அப்படித்தான், மௌலவியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தங்கையைப் பொறுத்தவரை அவள் தானாக எடை குறைக்கத் தொடங்குவது, டெங்கு, தொண்டைநோ என்று பத்து நாள் சாப்பிடாமல் கிடப்பது, மரதன் பயிற்சி, ஓ.எல். பரீட்சைக் காலம் ஆகிய நான்கும் கவனிக்க வேண்டிய வாசல்கள். காய்ச்சல் மாறி இரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வந்தாளா என்று பாருங்கள். தேத்தண்ணியில் சீனியை நிறுத்துவது, பிறகு இரவு ரொட்டியை விடுவது, பிறகு "ஸ்கூல்ல சாப்ட்டேன்" என்பது, வழமையாக இந்த ஒழுங்கில்தான் போகும். ஒருவேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணுங்கள். அவள் காதில் விழ உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், புகழ்ச்சியாகவும்.

தலவாக்கலை_மேற்பிரிவு

மிக மோசமாக மெலிந்து வந்தால் முதலில் குளுக்கோசும் நிறைய திரிபோஷவும் (சத்துமா) கொடுத்துத் தேற்றுவதுதானே வழக்கம்?

கறிவேப்பிலை

நிறுத்துங்கள், இதில்தான் உயிர் போகும்.

நீண்ட பட்டினியில் உடலின் பொஸ்பேற்று, பொற்றாசியம், மக்னீசியம் எல்லாம் வற்றியிருக்கும். குருதியில் பார்த்தால் அளவு சரியாக இருப்பதுபோல் தெரியும், கலங்களுக்குள் இராது. திடீரென்று சீனி உள்ளே போனால் இன்சுலின் பாயும். இன்சுலின் இந்த உப்புகளைக் குருதியிலிருந்து கலத்துக்குள் இழுக்கும். குருதிப் பொஸ்பேற்று சடாரென்று விழும், இதயத் துடிப்புக் குழம்பும், மூச்சுத் தசை சோரும். தயமின் (விற்றமின் பீ1) இல்லாமல் மாச்சத்தை எரித்தால் மூளை பழுதாகும். பெரும்பாலும் உணவு தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள். கணுக்கால் வீங்கினால் "சதை பிடிக்குது" என்று சந்தோஷப்படுவார்கள், அது நீர்.

பெரியவர்களுக்கான பிரிட்டிஷ் நைஸ் வழிகாட்டியின்படி சுட்டி 16க்குக் கீழ், அல்லது 3–6 மாதத்தில் 15 வீதத்துக்கு மேல் எடை இழப்பு, அல்லது 10 நாளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் உண்ணாமை, அல்லது தொடங்குமுன்பே இந்த உப்புகள் தாழ்வு: இதில் ஒன்று இருந்தாலே உயர் அபாயம். அந்த வழிகாட்டி சொன்ன தொடக்கம் கிலோவுக்கு 10 கலோரி, அதாவது 30 கிலோப் பிள்ளைக்கு நாளுக்கு 300. நான்கு முதல் ஏழு நாளில் முழு அளவுக்கு ஏற்றுவது. முதல் கவளத்துக்கு முன்பே தயமின் தொடங்கி நாளுக்கு 200–300 மில்லிகிராம். இளம்பிள்ளைகளில் இது மிகக் குறைவு, பட்டினியை வாட்டிலும் நீட்டுகிறது என்ற எதிர்ப்பு வலுத்தது. அமெரிக்க ஆய்வொன்றில் 1,400இல் தொடங்கியவர்களைவிட 2,000இல் தொடங்கியவர்கள் விரைவாக நிலைப்பட்டார்கள், உப்புக் குழப்பமும் கூடவில்லை. ஆனால் அங்கே தினமும் குருதி பார்த்தார்கள், பொஸ்பேற்றுக் கையில் இருந்தது. அந்த வசதி இல்லாத இடத்தில் அந்த எண்ணைக் கடன் வாங்காதீர்கள். லயத்து வீட்டில் வைத்துச் செய்யும் வேலை இல்லை இது.

ஊவாக்காற்று

டிஸ்பென்சரியில் எப்போது துண்டு எழுதி அனுப்ப வேண்டும்? விழித்திருக்கும்போது நாடி 50க்குக் கீழ், அழுத்தம் 90/45க்குக் கீழ், வெப்பநிலை 35.6க்குக் கீழ், படுத்து எழுந்தால் நாடி 20க்கு மேல் கூடுவது, சுட்டி அந்த வயது நடுக்கோட்டின் முக்கால்வாசி அல்லது குறைவு (14 வயதுப் பெண்ணுக்கு 14.7). ஒன்று இருந்தாலும் போதும், அன்றே அனுப்புங்கள். நாடியை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். குளிர்ந்த விரலில் ஒட்சிசன் மானி பொய் சொல்லும், கையைச் சூடாக்குங்கள் அல்லது மணிக்கட்டைப் பிடியுங்கள். துண்டில் "பலவீனம்" என்று எழுதினால் அங்கே விற்றமின் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். எண்களை எழுதுங்கள், சிங்களமோ தமிழோ எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். இரண்டு வருடத்து உயரம், எடையையும் அதே தாளில். அவசரமில்லாத ஆலோசனைக்கு 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

கொழுந்துக்கூடை

சாப்ட்டுட்டு வாந்தி எடுக்குற புள்ளைக்கு ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல்) குடுக்கலாமா? கடைசிக் கேள்வி.

கறிவேப்பிலை

கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனக் கலவையில் லீற்றருக்கு 20 மில்லிமோல் பொற்றாசியம். குருதிப் பொற்றாசியம் 4இலிருந்து 3க்கு இறங்கியிருந்தால் உடல் இழந்தது 200 முதல் 400 மில்லிமோல். கணக்கு எட்டாது. மிக மெலிந்த பிள்ளைக்கு லீற்றர் கணக்கில் ஊற்றினால் இதயம் தாங்காது, ஒரு மடக்கு, இடைவெளி, இன்னொரு மடக்கு. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்க வேண்டாம், அமிலத்தில் இளகிய பல் மிளிரி (எனாமல்) தேய்ந்துபோகும், வெறும் தண்ணீரால் கொப்பளிக்கட்டும். படபடப்போ மயக்கமோ காலில் கெண்டை பிடிப்போ இருந்தால் பஸ்ஸுக்கு நிற்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு வாந்தி எடுத்தாள் என்பதையும் துண்டில் எழுதிவிடுங்கள்.